வெற்றுத்தாளில் வைக்கும் கைநாட்டு

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் வேலை செய்யும் தமிழர் ஒருவர் கடன் பத்திரத்தில் கையொப்பமிட இன்று பேனா வேண்டியதில்லை. கைப்பேசிக்கு வரும் ரகசிய எண் போதும். சௌகரியம்தான், ஆனால் அதில் ஆபத்தும் உண்டு.

2000-ம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் டிஜிட்டல் கையொப்பத்துக்கு அங்கீகாரம் அளித்தது. 2015-ல் ஆதார் வழி மின்கையொப்பத்துக்கு மத்திய அரசு வழிவகுத்தது. ஆதாரில் பதிவான கைப்பேசிக்கு வரும் எண்ணைச் சரியாகப் பதித்ததும், அந்தப் பத்திரத்துக்கென்றே ஒரு சான்று உருவாகிக் கையொப்பம் விழுந்துவிடும். உயில் போன்ற சிலவற்றுக்கு இது செல்லாது. மற்றபடி, பேனாக் கையொப்பத்துக்குள்ள மதிப்பு இதற்கும் உண்டு.

சிக்கல் என்னவெனில், ரகசிய எண் சிம் கார்டைத் தேடி வருகிறதே தவிர, ஆளைத் தேடி வருவதில்லை. பிழைப்புக்காக ஊர் மாறியவர்கள் பழைய கைப்பேசி எண்ணைக் கைவிடுகின்றனர். அது பிற்பாடு வேறொருவருக்கு ஒதுக்கப்படலாம். அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பு 2017-லேயே குறுஞ்செய்தி முறையைக் கட்டுப்பாட்டுக்குரியதாக வகைப்படுத்தியது கவனிக்கத்தக்கது.

இதைவிடப் பெரிய ஆபத்து, திரையில் உள்ள ஆங்கிலமோ மலையாளமோ படிக்கத் தெரியாமல், மனு நிரப்பித் தருபவரிடம் எண்ணைச் சொல்லிவிடுவது. அன்று வட்டிக்கடையில் வெற்றுத்தாளில் கைநாட்டு வைத்ததற்கும் இதற்கும் வேறுபாடில்லை. 'நான் கையொப்பமிடவில்லை' என்று பின்னர் நிரூபிப்பது எளிதல்ல.

பத்திரத்தைப் படித்துக் காட்டச் சொல்லி விவரம் அறிந்த பிறகு, எண்ணைத் தாமே பதிப்பதும், நகல் கேட்டுப் பெறுவதும் நலம். ஆதாரில் இருப்பது நடப்பு எண்தானா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். பணம் பறிபோனால் 1930-க்கு உடனே தெரிவிக்கலாம்.