காற்றும் உப்பும் ஒரு லிட்டர் பெட்ரோலும்

எரிபொருள் சிக்கனம் பற்றி எழுதப்படும் குறிப்புகள் பெரும்பாலும் ஊர் பேர் இல்லாதவை. டயரில் காற்றைச் சரிபாருங்கள், வேகத்தைக் குறையுங்கள், தேவையற்ற சுமையை இறக்குங்கள் என்பவை கோவைக்கும் பொருந்தும், கொல்கத்தாவுக்கும் பொருந்தும். அவற்றில் பிழை ஏதுமில்லை. ஆயினும் ஒரு காரை ஓட்டும் செலவு, அது ஓடும் நிலத்தையும் பொறுத்தது என்பது எங்கள் எண்ணம். இராமநாதபுரத்திலிருந்து இராமேசுவரம் வரை நீளும் இக்கடற்கரையில் அச்செலவைத் தீர்மானிப்பவை மூன்று: காற்று, உப்பு, ரயில். மூன்றாவதைக் கண்டு வாசகர்கள் வியக்கக்கூடும்; காரணத்தைக் கடைசியில் சொல்கிறோம்.

முதலில் கணக்கு. மதுரையிலிருந்து இராமேசுவரம் ஏறத்தாழ 170 கிலோமீட்டர், போய்வர 340. லிட்டருக்கு 17 கிலோமீட்டர் ஓடும் கார் என்று வைத்துக்கொண்டால் 20 லிட்டர் வேண்டும். 2024 மார்ச்சில் லிட்டருக்கு 2 ரூபாய் குறைக்கப்பட்ட பின்னரும் சென்னையில் பெட்ரோல் 100 ரூபாய்க்குக் கீழே இறங்கவில்லை. லிட்டருக்கு அந்த 100 ரூபாயே வைத்தாலும் பயணம் ஒன்றுக்குப் பெட்ரோல் மட்டும் 2,000 ரூபாய். இத்துடன் எத்தனால் கலப்பையும் சேர்க்க வேண்டும். இருபது விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலுக்கென்று வடிவமைக்கப்படாத பழைய கார்களில் எரிபொருள் திறன் 6 முதல் 7 விழுக்காடு வரை குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021ஆம் ஆண்டு அறிக்கையே மதிப்பிட்டது. நம் 20 லிட்டர் 21 லிட்டருக்கு மேலாகிவிடுகிறது.

இனி காற்று. ஓடும் காரை எதிர்க்கும் காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தைப் போல் பெருகும். மணிக்கு 100 கிலோமீட்டரிலிருந்து 80க்கு இறங்கினால் அவ்விசை 36 விழுக்காடு குறைகிறது. இது எங்கும் உள்ள விதிதான். ஆனால் உச்சிப்புளியைத் தாண்டி மண்டபத்தை நெருங்கும்போது, காற்றைத் தடுக்க மரமோ மேடோ அதிகம் இல்லாத வெளியில், அந்த விதி பணமாகவே தெரிகிறது. எதிர்க்காற்று மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வீச, நாம் 70இல் சென்றால், கார் சந்திப்பது 100 கிலோமீட்டர் வேகக் காற்றை; எதிர்ப்பு இரு மடங்காகிறது. ஆனி, ஆடி மாதங்களில் மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வீசும் காற்று தீவுக்குப் போகும்போது முதுகைத் தள்ளும், திரும்பும்போது முகத்தில் அறையும். மார்கழியில் பெரும்பாலும் இது தலைகீழ். பாய்மரம் கட்டியவர்கள் காற்றறிந்து புறப்பட்டார்கள். நாம் நாளை மாற்ற வேண்டியதில்லை. எதிர்க்காற்றில் வேகத்தை 60க்கு இறக்கினால் போதும். இராமநாதபுரத்துக்கும் இராமேசுவரத்துக்கும் இடையில் 80க்குப் பதில் 60இல் சென்றால் இழப்பது ஏறக்குறைய கால் மணி நேரமே. யாத்திரை வருவோர் கூரைமேல் அடுக்கிக் கட்டும் பாத்திர மூட்டைகளை உள்ளே வைத்துக்கொண்டால் மேலும் மிச்சம்.

அடுத்தது உப்பு. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் உலோகங்கள் அரிக்கப்படுவதை ஆராய மண்டபத்தில் ஒரு நிலையத்தை அமைத்தது என்பதே இக்கடற்காற்றின் தன்மைக்குச் சான்று. துரு என்றால் வண்டியின் தோற்றம் கெடும் என்றே பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அது பெட்ரோலையும் தின்னும். பிரேக்கின் நகரும் பாகங்களில் உப்பு படிந்து துருவேறினால், காலை எடுத்த பின்னும் பிரேக் முழுவதும் விடுவதில்லை. என்ஜின் தன் பிரேக்கையே எதிர்த்து ஓடுகிறது. நீண்ட பயணத்தின் முடிவில் நான்கு சக்கரங்களின் அருகிலும் கையைக் கொண்டுசென்று, தொடாமல், சூட்டை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் அனலாய் இருந்தால் மெக்கானிக்கிடம் காட்டும் வேளை வந்துவிட்டது.

இதற்குத் தீர்வு நல்ல தண்ணீரில் வண்டியின் அடிப்பாகத்தைக் கழுவுவது. இங்கேதான் சிக்கனத்தின் அறம் குறுக்கே வந்து நிற்கிறது. இராமநாதபுரம் மாவட்டத்துக்கு 2009இல்தான் காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. இன்றும் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கித் தண்ணீருக்குப் போகும் பெண்களை இம்மாவட்டத்துச் சாலைகளில் காணலாம். தனுஷ்கோடியைப் பார்த்துத் திரும்பிய கார்களை அந்தத் தண்ணீரால் குழாய் வைத்துக் கழுவினால், நம் பையில் மிஞ்சும் பணத்தை வேறொருவர் தலையில் சுமக்கிறார். உவர்நீரில் கழுவுவதும் பயனற்றது. அது உப்பை உப்பால் துடைப்பதாகும். ஆகவே ஈரமணலில் காரை இறக்காதீர்கள். அடிப்பாகத்தைக் கழுவுவதை ஊர் திரும்பிய பின், தண்ணீர் உள்ள இடத்தில் செய்யுங்கள். செலவை இடம் மாற்றுவது சிக்கனம் ஆகாது.

கடைசியாக ரயில். 1988இல் சாலைப் பாலம் திறக்கப்படும் வரை தீவையும் நிலத்தையும் இணைத்தது 1914இன் ரயில் பாலம் ஒன்றே. அப்பாலம் நலிவுற்றதால் 2022 டிசம்பரில் தீவுக்கு ரயில் நின்றது. புதிய பாலம் திறக்கப்பட்டது 2025 ஏப்ரல் 6இல். இடையிலிருந்த இரண்டேகால் ஆண்டுகளில் தீவுக்குப் போக வேண்டிய ஒவ்வொருவரும் சாலையைத்தான் நம்ப வேண்டியிருந்தது. கார் உள்ளவருக்கு அது கூடுதல் நெரிசல். இல்லாதவருக்கு அது கூடுதல் செலவு, கூடுதல் அலைச்சல்.

முன்பதிவில்லாப் பெட்டியில் மதுரையிலிருந்து இராமேசுவரம் செல்ல ஒருவருக்கு ஆகும் கட்டணம் ஒரு லிட்டர் பெட்ரோலின் விலையைவிடக் குறைவு. நால்வர் போய்வந்தாலும் 8 லிட்டரின் விலையை எட்டாது. கார் கேட்பதோ 20 லிட்டர். வேகத்தைக் குறைத்தும் பிரேக்கைச் சீர்செய்தும் மிச்சப்படுத்துவது எவ்வளவு முயன்றாலும் ஒன்றிரண்டு லிட்டர்தான். முதியவர்களும் நோயாளிகளும் உடன் வரும்போது கார் வேண்டும் என்பதை மறுக்கவில்லை. நாளுக்குச் சில வண்டிகளே ஓடுவதால் நேரம் ஒத்துவராது என்ற முறையீடும் நியாயமானதே. ஆனால் அந்த முறையீடு சாவியை எடுப்பதற்குக் காரணமாக அன்றி, கூடுதல் பயணிகள் வண்டிகளைக் கேட்பதற்குக் காரணமாக வேண்டும்.

பெட்ரோல் விலையைப் பற்றிப் பேசும் குரல்கள் நம்மிடையே நிறைய உண்டு. ரயில் அட்டவணையைப் பற்றிப் பேசும் குரல்கள் மிகக் குறைவு. கார் வைத்திருப்பவர்கள் தம் சொந்தச் செலவு குறையவேனும் அதைப் பேசத் தொடங்கினால், கார் வாங்கவே இயலாதவர்களுக்கும் அது பயன்படும். இந்தக் கடற்கரையில் இருவருக்கும் ஒருசேர மிச்சம் தரும் வழி அது ஒன்றே என்று தோன்றுகிறது.