இல்லமும் நலமும்: மாத்திரையை விடுவதற்கும் முறை உண்டு



மருந்தை எவ்வாறு உண்ணவேண்டும் என்று கேட்டறிவோர் பலர். உண்டுவந்த மருந்தை எவ்வாறு விடவேண்டும் என்று கேட்போர் சிலரே. மனச்சோர்வுக்குக் கொடுக்கப்படும் மாத்திரைகளைப் பொறுத்தவரை இவ்விரண்டாவது கேள்வி முதற் கேள்விக்குச் சற்றும் குறைந்ததன்று. நம் சங்கத்துக் குடும்பங்களிலும் இம்மாத்திரைகளை உண்போர் உளர். வெளியே எவரும் பேசாவிடினும் யாவரும் அறிந்த செய்தியே இது. ஆகவே இத்திங்கள் நம் பகுதியை இதற்கென ஒதுக்குகிறோம். நாம் வைத்தியர் அல்லோம்; வைத்திய நூலோர் ஆய்ந்து வெளியிட்டவற்றை வீட்டுக்கு உதவும் வகையில் எடுத்துரைப்பதே நம் பணி.

மாத்திரையைத் திடீரென நிறுத்துவோர் அனைவரும் அசட்டையால் நிறுத்துவதில்லை. ஊரிலிருந்து மாமனாரும் மாமியாரும் கோடை விடுமுறைக்கு வந்து ஒரு மாதம் தங்குகின்றனர். இரண்டே அறைகள் கொண்ட வீட்டில் மருந்தை எங்கே மறைத்துவைப்பது? "இது எதற்கம்மா மாத்திரை?" என்னும் ஒரு கேள்விக்கு அஞ்சி மருமகள் அதை உண்ணாமலே விட்டுவிடுகிறாள். வேறொரு வீட்டில் பெண்ணுக்கு வரன் பார்க்கும் பேச்சு எழுந்தவுடன் பெற்றோரே மருந்தை நிறுத்திவிடுகின்றனர். மற்றொருவர் திருவிழாவுக்குப் புறப்படும் பரபரப்பில் மாத்திரைகளை மேசைமேல் விட்டுவிட்டு வண்டியேறுகிறார். இன்னொருவரோ, "மனம் தெளிந்துவிட்டதே, இனி எதற்கு?" என்று தாமே முடிவு கட்டிவிடுகிறார்.

இரண்டு மூன்று நாட்கள் செல்கின்றன. தலை சுற்றுகிறது, குமட்டுகிறது, உறக்கம் கெடுகிறது, உறங்கினாலும் அச்சமூட்டும் கனவுகள் தோன்றுகின்றன. காய்ச்சல் வருமுன் உண்டாகும் உடல்வலி போன்றதொரு வலி, வியர்வை, காரணமற்ற அழுகை, சிறு சொல்லுக்கும் சீறும் சினம் ஆகியவையும் சேர்ந்துகொள்கின்றன. கண்ணைத் திருப்பும்போது தலைக்குள் மின்சாரம் பாய்ந்தது போன்ற ஓர் அதிர்ச்சி ஏற்படுவதாகப் பலர் கூறுகின்றனர். வீட்டார் பித்தம் என்று சுக்குக் கஷாயம் வைக்கின்றனர். கண்ணேறு என்று உப்பும் மிளகாயும் சுற்றிப் போடுகின்றனர். மாத்திரை நின்றதை அறியாதார் மெய்யான காரணத்தை அறிவதெவ்வாறு?

இது புதிதாகக் கண்டறியப்பட்ட துன்பமன்று. மனச்சோர்வுக்கான தொடக்ககால மருந்துகளுள் ஒன்றாகிய இமிப்ரமினின் பயனைச் சுவிட்சர்லாந்து நாட்டு வைத்தியர் ரோலண்டு கூன் 1957-இல் வெளியிட்டார். அம்மருந்தை நிறுத்தியதால் உண்டான துன்பங்களைப் பற்றிய குறிப்புக்கள் 1959-ஆம் ஆண்டிலேயே வைத்திய ஏடுகளில் வெளிவந்தன. இன்று மிகுதியாக வழங்கும் எஸ்சிடாலோப்ராம், செர்ட்ராலின், பராக்ஸெடின், வென்லாஃபாக்ஸின் முதலியவற்றுக்கும் இத்தன்மை உண்டு.

காரணம் யாதெனில், மூளையில் செரோடோனின் என்னும் பொருள் மீண்டும் உறிஞ்சப்படும் வாயில்களை இம்மருந்துகள் அடைக்கின்றன. மாதக்கணக்கில் அந்நிலை நீடிக்கவே, உடல் அதற்கேற்பத் தன்னைத் திருத்தி அமைத்துக்கொள்கிறது. மருந்து ஒரே நாளில் விலகினால், உடல் அதே வேகத்தில் பழைய நிலைக்குத் திரும்ப இயலாது தடுமாறுகிறது. இதனைப் போதைப் பழக்கத்தோடு ஒன்றாகக் கருதலாகாது. குடிப்பவரைப் போல் மேலும் மேலும் வேண்டும் என்னும் வேட்கை இதில் இல்லை. இரத்த அழுத்தத்துக்கான சில மாத்திரைகளையும் திடீரென நிறுத்தலாகாது என்பதை நாம் அறிவோம். அவற்றைப் போதைப்பொருள் என்று எவரும் இகழ்வதில்லையே!

எல்லா மருந்துகளும் இவ்வகையில் ஒரே தன்மையன அல்ல. உடலைவிட்டு விரைந்து நீங்கும் வென்லாஃபாக்ஸின், பராக்ஸெடின் ஆகியவற்றை விடும்போது தொல்லை மிகுதி. வாரக்கணக்கில் உடலில் தங்கி மெல்ல மெல்ல நீங்கும் ஃப்ளூஆக்ஸெடினை விடும்போது அது பொதுவாகக் குறைவு.

இதைப் படித்துவிட்டு எவரும் அஞ்சவேண்டியதில்லை. ஜெர்மானிய ஆராய்ச்சியாளர்கள் பல ஆய்வுகளைத் தொகுத்து 2024-இல் வெளியிட்ட முடிவின்படி, மருந்தை நிறுத்தியோருள் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு இத்தகைய குறிகள் தோன்றின. மருந்தே இல்லாத போலி மாத்திரையை உண்டு நிறுத்தியோருள்ளும் ஏறத்தாழ அறுவரில் ஒருவர் அவ்வாறே கூறினர். இரண்டையும் கழித்துப் பார்க்கின், மருந்தை விட்டதனாலேயே துன்புறுவோர் ஆறேழு பேரில் ஒருவர். கடுமையாகத் துன்புறுவோர் ஏறத்தாழ 35 பேரில் ஒருவர். பல்லாண்டுகள் மருந்துண்டோர்க்கு இத்துன்பம் மிகலாம் என்று கருதும் அறிஞரும் உளர். பெரும்பாலோர்க்குச் சில வாரங்களில் தணியும். சிலருக்கு மாதக்கணக்கில் நீடிப்பதும் உண்டு.

இனி, வீட்டார் நன்கு உணரவேண்டிய வேறுபாடு ஒன்று உளது. மருந்தை விட்டதால் வரும் தொல்லை வேறு. பழைய நோய் திரும்புவது வேறு. முன்னது மருந்தைக் குறைத்த சில நாட்களுக்குள் தோன்றும். தலைச்சுற்றல், மின்னதிர்ச்சி போன்று முன்பு நோயில் இல்லாத குறிகளும் அதில் இருக்கும். விட்ட மருந்தை வைத்தியர் மீண்டும் கொடுத்தால் விரைவில் தணியும். பின்னதோ வாரங்கள், மாதங்கள் கழித்து மெல்லத் தலைகாட்டும். எதிலும் விருப்பமின்மை, தன்னையே வெறுத்தல், இடைவிடாத துயரம் என்று முன்பு அறிந்த முகத்தோடே அது வரும். முன்னதைப் பின்னதாகக் கருதினால், "இம்மருந்தின்றி இனி வாழ்வில்லை" என்று வீணே மனமுடைவோம். பின்னதை முன்னதாகக் கருதினால், சிகிச்சை வேண்டிய நேரத்தில் வாளாவிருப்போம். இரண்டும் தீங்கே.

நோய் திரும்புவதும் அரிய நிகழ்ச்சியன்று. நெடுநாள் மருந்துண்டு, நலமாக இருப்பதாக உணர்ந்தோரைக் கொண்டு இங்கிலாந்தில் நடத்திய ஓர் ஆய்வு 2021-இல் வெளிவந்தது. ஓராண்டுக்குள் மருந்தைத் தொடர்ந்தவர்களில் 100-க்கு 39 பேருக்கும், படிப்படியாக விட்டவர்களில் 100-க்கு 56 பேருக்கும் நோய் திரும்பிற்று. ஆகவே விடுவதா, தொடர்வதா என்பது அவரவர் நோயின் வரலாற்றை அறிந்த வைத்தியரோடு கலந்து முடிவு செய்யவேண்டியது. மனம் தெளிந்த பின்னரும் குறைந்தது 6 மாதங்கள் மருந்தைத் தொடர்வது பொதுவான வழக்கம். கருவுற்ற பெண்கள் செய்தி அறிந்தவுடன் தாமாகவே மருந்தை நிறுத்திவிடாது, உடனே வைத்தியரைக் காணல் வேண்டும்.

விடுவதென்று முடிவானால், இறங்கும் முறை யாது? மும்பைக்குச் செல்லும் நம் அன்பர்கள் லோனாவாலாவுக்கும் கர்ஜத்துக்கும் இடையே உள்ள போர்காட் மலையிறக்கத்தைக் கண்டிருப்பர். 37 அடிக்கு ஓர் அடி வீதம் சரியும் அப்பாதையில் வண்டி தன் போக்கில் ஓடி இறங்குவதில்லை. தடையைச் சோதித்துக்கொண்டு, வேகத்தை அடக்கியே இறங்குகிறது. மருந்தின் இறக்கத்துக்கும் அதுவே முறை. இதில் சரிவு கடுமையாவது அடிவாரத்துக்கு அருகில் என்பதை மட்டும் மறக்கலாகாது. சிடாலோப்ராம் என்னும் மருந்தை 20 மில்லிகிராம் உண்ணும்போது முற்கூறிய வாயில்களில் ஏறத்தாழ 80 சதவீதம் அடைபடுகின்றது. 5 மில்லிகிராமிலும் பாதிக்கு மேல் அடைபட்டிருக்கும். எனவே 20-லிருந்து 10-க்கு இறங்குவது சிறிய படி. 5-லிருந்து ஒன்றுமில்லா நிலைக்கு இறங்குவது பெரிய படி. "பாதியாக்கியபோது ஒன்றும் நேரவில்லையே, மீதியையும் விட்டுவிடுவோம்" என்று எண்ணுவோர் அல்லலுறுவது இதனாலேயே. கடைசிப் படிகள் சிறியனவாகவும், இடைவெளி நீண்டும் இருத்தல் வேண்டும். சிலருக்கு இது சில வாரங்களில் முடியும். சிலருக்குப் பல மாதங்களாகும். ஒரு படியில் தொல்லை மிகுந்தால் அங்கேயே தங்குவதோ, முந்தைய படிக்கு ஏறுவதோ தோல்வியாகாது. ஒருநாள் விட்டு ஒருநாள் உண்பது பெரும்பாலான மாத்திரைகளுக்குத் தகுந்த முறையன்று. அது உடலை மேலும் கீழும் அலைக்கழிக்கும். உடைத்து உண்ணத்தகாத மாத்திரைகளும் உண்டாதலின் வைத்தியரையோ மருந்துக்கடைக்காரரையோ கேளாது கத்தியை எடுக்கவேண்டா.

நம்மைப் போன்று ஊர்விட்டு ஊர் வந்தோர் சிறப்பாகக் கவனிக்கவேண்டியன சில உள. வீட்டில் திருமணமோ, மாற்றல் உத்தரவோ, பிள்ளைகளின் தேர்வோ நெருங்கும் காலத்தில் மருந்தைக் குறைக்கத் தொடங்கவேண்டா. பயணத்தின்போது மாத்திரைகளைப் பெரிய பெட்டியில் வையாது கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். பயண நாட்களுக்கு மேல் ஒரு வாரத்துக்கு வேண்டியதையும் சேர்த்து எடுத்துச் செல்லுங்கள். இங்குள்ள கம்பெனியின் பெயர் ஊர்க் கடையில் தெரியாதிருக்கலாம். ஆதலின் மருந்தின் பொதுப்பெயரையும் அளவையும் சீட்டில் எழுதி வாங்கிவையுங்கள். குறைக்கும் நாட்களில் அன்றன்றைய அளவையும் உறக்கத்தையும் மனநிலையையும் நாட்குறிப்பில் ஒரு வரி எழுதிவந்தால் வைத்தியருக்கு அது பேருதவியாகும். தலை சுற்றும் நாட்களில் ஸ்கூட்டர் ஓட்டவேண்டா; மது அறவே கூடாது. வேளை தவறாத உணவும், காலை நடையும், குறித்த நேரத்து உறக்கமும் உடலுக்குத் துணை நிற்கும்.

அனைத்தினும் மேலாக, வீட்டில் ஒருவரேனும் செய்தி அறிந்திருத்தல் வேண்டும். கணவர் சீறும்போது, "இது மருந்து குறையும் வாரம்" என்று மனைவி அறிந்திருந்தால் பாதிச் சண்டை அங்கேயே அடங்கும். மருமகளின் மாத்திரையை மாமியார் அறிந்து, "சாப்பிட்டாயா, அம்மா?" என்று வினவும் வீட்டில் ஒளித்துவைக்கவேண்டிய தேவையே எழாது. நீரிழிவு மாத்திரையை அடுக்களை அலமாரியில் வெளிப்படையாக வைக்கும் நாம், இதற்கும் அவ்வலமாரியில் ஓர் இடம் கொடுத்தால் என்ன?

உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எவருக்கேனும் தோன்றினால், அது எக்காரணத்தால் வந்தது என்று ஆராய்ந்துகொண்டிராது அவரைத் தனியே விடாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். இந்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் என்னும் சேவையை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றி அழைக்கலாம். அங்குத் தமிழிலும் பேச வழியுண்டு. இந்தியும் மராத்தியும் கடைத்தெருவுக்குப் போதுமாக இருக்கலாம். மனத்தின் துயரைச் சொல்லத் தாய்மொழியே வேண்டும் என்பதை வெளியூரில் வாழும் நமக்கு எவரும் கற்பிக்கவேண்டியதில்லை.