நடவு வயலில் ஒரு தூளி

நடவு நாளில் வரப்போர வேப்பமரத்தில் தூளி தொங்குவதை விவசாயிகள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். தாயின் கை நாற்று முடியில், கண் தூளியில். பக்கத்திலேயே பம்புசெட் தொட்டி.

ஐம்பது பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று 2017-ல் சட்டம் வந்தது. பத்து ஆள் விட்டு நடும் நம்மை அது தொடாது. தனியாகக் காப்பகம் வைக்க நமக்குச் சக்தியும் இல்லை. அறுவடைக்குப் பின் கடன் போக மிஞ்சுவது தெரிந்த கதைதான்.

2005-ஆம் ஆண்டு ஊரக வேலை உறுதிச் சட்டம் நல்ல வழி ஒன்றைக் காட்டியது. வேலையிடத்தில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஐந்து பேர் இருந்தால், வேலைக்கு வந்த பெண்களில் ஒருவரை அவர்களைப் பார்த்துக்கொள்ள விட வேண்டும் என்றது அது. அவருக்கும் கூலி உண்டு என்றது. நடவு, களையெடுப்பு நாட்களில் அந்த ஓர் ஆள் கூலியை அரசு நம் வயல்களுக்கும் தரட்டும். நிழலும் குடிநீரும் நம் பொறுப்பு. அடுத்த கிராம சபையில் இதைக் கேளுங்கள்.