கதையில் ஒரு சிற்பி, பாறையில் ஒரு பெயர்



நம் இல்லத்துப் பிள்ளைகள் விடுமுறையில் விரும்பிப் படிக்கும் நூல்களுள் ஒன்று கல்கியின் 'சிவகாமியின் சபதம்'. 1944 முதல் 1946 வரை 'கல்கி' இதழில் தொடராக வெளிவந்த இந்நாவல், ஏழாம் நூற்றாண்டுப் பல்லவ நாட்டில் நிகழ்வது. அஜந்தா ஓவியங்களின் அழியா வண்ண இரகசியத்தை அறிந்துவிட வேண்டும் என்பதே ஆயனச் சிற்பியின் தீராத ஏக்கம். அதன்பொருட்டு அனுப்பப்படும் ஓலையில் மறைந்திருப்பதோ போர்ச் சூழ்ச்சி! கலைஞனின் ஆசையை அரசியல் எவ்வாறு கருவியாக்கும் என்பதைக் கல்கி மிகச் சுவையாகக் காட்டுகிறார்.

சுவைத்தபின் ஒரு வினாவும் எழ வேண்டும். எது வரலாறு, எது கற்பனை? மகேந்திரவர்மன், மாமல்லன், புலிகேசி, வாதாபிப் போர் ஆகியவை வரலாறு. ஆயனரும் சிவகாமியும் ஆசிரியரின் படைப்புகள்.

அப்படியாயின், மாமல்லபுரத்தில் உண்மையாகவே உளி பிடித்தவர்கள் யார்? செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகக் கடற்கரைக்குச் செல்வோர், மாமல்லபுரத்துக்குச் சற்று முன்னரே பூஞ்சேரியை அடைவர். அங்குள்ள பாறையொன்றில் சில பெயர்கள் வெட்டப்பட்டுள்ளன: கேவாத பெருந்தச்சன், குணமல்லன், கொல்லன் சேமகன்... இவை சிற்பப் பணியில் ஈடுபட்டோரின் பெயர்கள் என்பது ஆய்வாளர் கருத்து. மன்னரின் விருதுப் பெயர்கள் கோயில்களிலேயே பொறிக்கப்பட்டிருக்க, உழைத்தவரின் பெயர்கள் ஊருக்கு வெளியே ஒதுங்கிக் கிடக்கின்றன.

பெற்றோர்களே, நாவலைப் பிள்ளைகளின் கையிலிருந்து பறிக்க வேண்டாம். மாமல்லபுரம் அழைத்துச் செல்லும் நாளில், பூஞ்சேரியிலும் சற்று இறங்குங்கள். அப்பெயர்களை அவர்கள் வாயாலேயே ஒருமுறை சொல்லச் செய்யுங்கள்.