மலட்டுப் பசுவா, மலட்டுப் பருவமா?

ஊவாவின் பெருந்தோட்டங்களில் லயன்களுக்குப் பின்னால் நிற்கும் மாட்டுக் கொட்டில், பல தொழிலாளர் குடும்பங்களுக்கு இரண்டாவது சம்பளமாகும். தோட்டத்தில் வேலை நாட்கள் குறையும்போது கடைக் கணக்கையும் பிள்ளைகளின் பாடசாலைச் செலவையும் தாங்குவது பசுவின் பாலே. மாகாணத்தின் முஸ்லிம், சிங்களக் கிராமங்களிலும் இதே நிலைமைதான். அப்பசு இரண்டு மூன்று தடவைகள் சினைப்படுத்தியும் கருத்தரிக்காவிட்டால், மலடென்று தீர்மானிக்கப்பட்டு இறைச்சிக்கு விற்கப்பட்டுவிடுகின்றது. குறை பசுவினுடையதா, பருவத்தினுடையதா என்று எவரும் கேட்பதில்லை.

கேட்கவேண்டிய கேள்வி இது. பசுவின் கருமுட்டை ஒரே நாளில் உருவாவதன்று. சூலகத்தினுள் அது வளர்ந்து முதிர்வதற்கு மாதக்கணக்கில் செல்கின்றது. அக்காலத்தில் கடும் வெப்பமோ தீவனப் பற்றாக்குறையோ ஏற்பட்டால் அதன் தரம் கெடுகின்றது. ஆகவேதான் கோடை முடிந்து வானம் குளிர்ந்த பின்னரும் சில வாரங்களுக்குப் பசுக்கள் கருத்தரிக்கத் தவறுகின்றன. ஆய்வுகூடத்திலும் இதுவே உண்மையாகக் காணப்படுகின்றது. அங்கு கருமுட்டைகள் 38.5 பாகை செல்சியஸில் ஏறத்தாழ 24 மணித்தியாலங்கள் முதிர வைக்கப்படுகின்றன. வெப்பம் 41 பாகையாக உயர்ந்தால் கருவாக வளரும் முட்டைகள் குறைந்துவிடுகின்றன. கோடையில் பெறப்பட்ட முட்டைகளோ, சரியான வெப்பத்தில் வைத்தாலும் குளிர்காலத்து முட்டைகளுக்கு ஈடாவதில்லை. கொட்டிலில் கெட்டதை ஆய்வுகூடம் முற்றாகத் திருத்திவிடாது.

ஊவாவுக்கு இதில் தனிப் பாடம் உண்டு. எல்ல கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,000 மீற்றர் உயரத்திலுள்ளது. அங்கிருந்து முப்பது கிலோமீற்றருக்கும் குறைவான தூரத்தில், வெல்லவாய வெப்பச் சமவெளியில் கிடக்கின்றது. கீழே பசுவை வாட்டுவது வெயில். மேலே, ஜூன் முதல் செப்டெம்பர் வரையான வரட்சியில் புல் கருகுவதால் ஏற்படும் பட்டினி. இரண்டுக்கும் ஒரே நாட்காட்டி பொருந்தாது.

2017 ஆம் ஆண்டு அவுஸ்திரேலியாவிலிருந்தும் நியூஸிலாந்திலிருந்தும் சுமார் 5 ஆயிரம் கறவை இனப் பசுக்கள் தருவிக்கப்பட்டன. அவை நோயுற்று இறந்தன, கருத்தரிக்கவில்லை என்று பண்ணையாளர் முறையிட்டதை நாடு மறந்திருக்காது. இந்தியாவின் கர்ணாலில் 1990 ஆம் ஆண்டிலேயே சோதனைக்குழாய் எருமைக்கன்று பிறந்தது. அத்தகைய தொழில்நுட்பம் இங்கும் வளரவேண்டும் என்பதில் கருத்து வேறுபாடில்லை. ஆனால் உயரிய இனமும் உயரிய தொழில்நுட்பமும், பசு வாழும் சூழலைப் புறக்கணித்தால் பயன்தரமாட்டா.

எனவே, கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களமும் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடமும் இணைந்து, ஊவாவின் மலைக்கும் சமவெளிக்கும் தனித்தனியான சினைப்படுத்தல் கால அட்டவணைகளை வகுத்தல் அவசியம். தோட்ட நிர்வாகங்கள் பசும்புல் வளர்க்கத் துண்டு நிலமேனும் ஒதுக்கவேண்டும். கொட்டிலுக்கு நிழலும், நாள் முழுவதும் நீரும், வரட்சிக்கெனச் சேமித்த தீவனமும் கோடிக்கணக்கான செலவை வேண்டுவன அல்ல.

பால்மாவுக்காக அந்நியச் செலாவணியை இழக்கும் நாடு, கறக்கவேண்டிய பசுவை மலடென்று இறைச்சிக்கு அனுப்புவது இரட்டை நட்டமாகும். அந்த நட்டத்தை முதலில் சுமப்பது லயன் அறையில் வாழும் தொழிலாளியே என்பதைச் சம்பந்தப்பட்டவர்கள் மனங்கொள்வார்களாக.