கைவிட்டது யார்?

மூடப்பட்ட, இயங்கிவரும் சுரங்கப் பகுதிகளில் எங்கெல்லாம் நீரேற்று மின்சேமிப்பு நிலையம் கட்டலாம் என்று காட்டும் உலக வரைபடம் ஒன்றை ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் 2023-இல் வெளியிட்டார்கள். 900-க்கும் மேற்பட்ட இடங்கள். தேடியது கணினி. விஷயம் எளிதுதான்: பகலில் சூரிய மின்சாரம் மிஞ்சும்போது கீழ்க்குளத்து நீரை மேலே ஏற்றி வைப்பது, இரவில் திறந்துவிட்டு டர்பைனைச் சுழற்றுவது. செலவழித்ததில் ஏறக்குறைய 80 விழுக்காடு மின்சாரம் திரும்பக் கிடைக்கும். சுரங்கக் குழி ஏற்கெனவே இருப்பதால் ஒரு குளம் வெட்டும் செலவு மிச்சம். குயின்ஸ்லாந்தின் கிட்ஸ்டனில் பழைய தங்கச் சுரங்கத்தில் எடுக்கப்பட்ட 250 மெகாவாட் திட்டம் இந்த வகைதான்.

நாங்கள் இதற்கு எதிரிகள் அல்ல. நிலக்கரிப் புகையை முதலில் சுவாசிப்பது எந்தத் தெரு என்று எங்களுக்குத் தெரியும். எங்கள் கேள்வி 'கைவிடப்பட்ட' என்ற சொல்லைப் பற்றியது.

அந்தக் கணினி பார்ப்பது தரையின் உயரத்தை. எவ்வளவு மேடு, எவ்வளவு பள்ளம், எவ்வளவு நீர் நிற்கும், அவ்வளவுதான். மண்ணியல், சுற்றுச்சூழல், மரபுரிமை ஆய்வு எதுவும் செய்யவில்லை என்று அதைச் செய்தவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். அவர்கள் நேர்மையானவர்கள். புள்ளியை எடுத்துக்கொண்டு குறிப்பை விட்டுவிடுகிறவர்களைப் பற்றித்தான் எங்களுக்குக் கவலை. வருவாய்த்துறை வரைபடத்தில் சேரி 'புறம்போக்கு' என்று எழுதப்பட்டதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். காலி என்று காகிதம் சொன்ன இடத்தில்தான் எங்கள் பாட்டிமார் உலை வைத்தார்கள்.

ஜார்க்கண்டின் ஜாரியாவை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வட்டாரத்துச் சுரங்கங்களில் தொடக்க காலத்திலேயே இறங்கியவர்கள் பட்டியல் சாதியினரான பவுரிகளும், பழங்குடியினரான சந்தால்களும். நிலக்கரிக்கு நிலம் எடுக்க 1957-இல் தனிச் சட்டமே வந்தது. பட்டா இருந்தவருக்கு இழப்பீடு. அந்த நிலத்தில் கூலி வேலை செய்தவருக்கு? மூன்றாண்டு அங்கே வேலை செய்த நிலமற்ற தொழிலாளியும் 'பாதிக்கப்பட்ட குடும்பம்'தான் என்று சட்டம் ஒப்புக்கொள்ள 2013 ஆக வேண்டியிருந்தது. அதற்குள் நிலம் கைமாறி, குழியாகி, கரியும் தீர்ந்துவிட்டது.

குழி தீர்ந்தால் நிலம் திரும்ப வருமா? வராது. 1957 சட்டத்தில் எடுத்த நிலத்தில் கரி தீர்ந்த பகுதிகளை, உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, மின் திட்டங்களுக்குக் குத்தகைக்கு விட 2022 ஏப்ரலில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அடுத்த ஏப்ரலில் மின் அமைச்சகம் வெளியிட்ட நீரேற்று சேமிப்பு வழிகாட்டுதல், கைவிடப்பட்ட சுரங்கங்களைப் பயன்படுத்தச் சொன்னது. இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். ஒரே நிலத்தில் இரண்டாம் முறை லாபம் வரப் போகிறது, இரண்டாம் முறையும் அதே குடும்பங்கள் கணக்கில் இல்லை.

நீர் இன்னொரு பயம். 1975 டிசம்பர் 27 அன்று ஜாரியாவுக்குப் பக்கத்தில் சஸ்னாலாவில், மேலே தேங்கியிருந்த நீர் உடைத்துக்கொண்டு சுரங்கத்துக்குள் இறங்கி 370-க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் செத்தார்கள். பழைய குழிகள் தரைக்கடியில் எப்படித் தொட்டுக்கொண்டிருக்கின்றன என்பது செயற்கைக்கோளுக்குத் தெரியாது. உள்ளே வேலை பார்த்தவருக்குத் தெரியும். தினமும் நீரை ஏற்றி இறக்கப் போகிற இடத்தில் அவரிடம் கேட்காமல் ஒரு அளவுகோலும் வைக்கக் கூடாது.

வரைபடத்தில் உயரத்துக்கு ஓர் அடுக்கு இருக்கிறது, நீருக்கு ஓர் அடுக்கு இருக்கிறது. நிலம் எடுத்த நாளில் அங்கே இருந்த குடும்பங்களுக்கும் ஓர் அடுக்கு வேண்டும், பட்டா இல்லாதவர்களையும் சேர்த்து. பழைய கையகப்படுத்தல் கோப்புகளும் கூலிப் பதிவேடுகளும் நிலக்கரி நிறுவனங்களிடம் இருக்கின்றன. குத்தகைக் கையெழுத்துக்கு முன்னால் அவற்றை வெளியிடட்டும். குத்தகைப் பணத்தில் அந்தக் குடும்பங்களின் பங்கு எவ்வளவு என்பதைக் கிராம சபையில் வைத்துப் பேசலாம்.