சட்டம் உண்டு, சாவி யாரிடம்?

சிந்தாதிரிப்பேட்டை மீன் அங்காடியிலே எடை குறைந்தால், குறைத்தவனைக் கேட்க அதிகாரி உண்டு, தண்டம் உண்டு. கால் கிலோ மீனுக்குக் கிடைக்கும் நீதி, முள்ளிவாய்க்காலில் மடிந்த மக்களுக்கு ஏன் கிடைக்கவில்லை என்று கேட்கிறோம்.

சட்டமா இல்லை? இருக்கிறது! உள்நாட்டுப் போரிலும் ஆயுதம் ஏந்தாதாரைக் கொல்லாதே என்கின்றன 1949-ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கைகள். இலங்கையும் அவற்றை ஏற்ற நாடுதான். ஏற்ற அரசு 2009-இல் செய்தது என்ன? பாதுகாப்பு வலயம் என்று கோடு கிழித்தது, வாருங்கள் என்று மக்களை அழைத்தது, வந்தவர்மீது பீரங்கிக் குண்டுகளைப் பொழிந்தது, மருத்துவமனைகளையும் தாக்கியது. இவை நம்பத்தகுந்த குற்றச்சாட்டுகள் என்று 2011-இல் உரைத்தது, ஐ.நா. பொதுச்செயலாளர் அமைத்த வல்லுநர் குழு. மாண்ட பொதுமக்கள் 40,000 பேர்வரை இருக்கலாம் என்றும் கூறிற்று. தப்பியோட முயன்றோரைப் புலிகள் சுட்டதையும் அதே அறிக்கை கூறுகிறது. கசக்கிறது என்பதற்காக அதை மறைத்தால் நாம் பகுத்தறிவாளர் அல்லர்.

அந்த மாதங்களில் பாதுகாப்பு அவை எங்கே போயிற்று? இலங்கையைத் தன் நிகழ்ச்சி நிரலிலேகூட ஏற்றவில்லை. முறைசாராது கூடிற்று, பேசிற்று, கலைந்தது. கையாலாகாத அவையா அது? யூகோஸ்லாவியாவுக்கு 1993-இலும் ருவாண்டாவுக்கு 1994-இலும் தீர்ப்பாயம் கண்ட அவை! டார்ஃபூரை 2005-இலும் லிபியாவை 2011-இலும் பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்துக்கு அனுப்பிய அவை! இலங்கை அந்த நீதிமன்றத்தில் உறுப்பு நாடன்று. தானாக முன்வராத அரசைக் கூண்டேற்றப் பாதுகாப்பு அவைதான் கதவு. கதவின் சாவியோ ஐந்து வல்லரசுகளின் இடுப்பில். 'வீட்டோ' எனும் தடுப்பதிகாரத்தை ஒருவர் உயர்த்தினால் போதும், மற்றவர் வாக்கெல்லாம் வீண். உயர்த்துவர் என்ற எண்ணமே பல வேளைகளில் வாயடைக்கிறது.

குலத்துக்கொரு நீதி சொன்ன மனுவை மறுத்த நாம், கூட்டாளிக்கொரு நீதி சொல்லும் இந்த ஏற்பாட்டை மட்டும் ஏற்பதா?

நியூயார்க்கை மட்டும் ஏசி என்ன பயன்! 2009 மே 27 அன்று, போர் முடிந்து பத்து நாள்கூட ஆகுமுன்னர், கொழும்பைப் பாராட்டும் தீர்மானத்தை ஜெனீவாவில் நிறைவேற்றின 29 நாடுகள். அவற்றுள் இந்தியாவும் ஒன்று! 2012-இலும் 2013-இலும் கொழும்பை எதிர்த்து வாக்களித்த டில்லி, 2014-இல் நடுநிலை என்று நழுவியது, 2021-இலும் அப்படியே. அந்தக் குற்றவியல் நீதிமன்றத்தில் இந்தியாவும் சேரவில்லை என்பதையும் சேர்த்தே நினைவிற் கொள்ளுங்கள்.

பெருங்கொலைகள் நிகழும்போது தடுப்பதிகாரத்தைக் கைவிடுங்கள் என்று, அதனை வைத்திருக்கும் பிரான்சே 2015-இல் மெக்சிகோவுடன் சேர்ந்து கேட்டது. டில்லியோ அவையில் நிலையான இடம் கேட்டு நிற்கிறது. எதற்காக? பூட்டை உடைக்கவா, ஆறாவது சாவியைத் தானும் இடுப்பில் செருகிக்கொள்ளவா? வாக்குக் கேட்டு நம் தெருவுக்கு வருவோரை நிறுத்தி, தோழர்களே, இதைக் கேளுங்கள்.